உள்சேவைகளை உலாவித் திரையோடு இணைக்கும் முறை: ஒரு பில் ஒப்புதல் திரையை முன்வைத்து

கணக்குப் பிரிவில் ஒருவர் வெண்டர் பில்லுக்கு ஒப்புதல் தருகிற திரையை எடுத்துக்கொள்வோம். பில்லில் உள்ள தொகை, அதற்கு ஆதாரமான பர்சேஸ் ஆர்டர், சரக்கு வந்து சேர்ந்ததைக் காட்டும் ஜிஆர்என் ஆகிய மூன்றும் ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து, ஒத்துப்போனால் ஒப்புதல் பொத்தானை அழுத்துவதே அவருடைய வேலை. திரை எளியதுதான். ஆனால் அதன் பின்னால் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு குழுக்கள் எழுதிய, நிறுவனத்துக்குள் மட்டும் இயங்கும் மூன்று சேவைகள் (உள்சேவைகள்) நிற்கின்றன. பர்சேஸ் ஆர்டர் சேவை, சாதாரண வலை முகவரிகளை அழைக்கும் ரெஸ்ட் முறையில், ஜேசன் என்ற எளிய உரை வடிவில் தரவைத் தருகிறது. கிடங்குச் சேவை, சேவைகள் ஒன்றையொன்று அழைக்க உதவும் ஜிஆர்பிசி முறையில் பேசுகிறது. கணக்குச் சேவை இன்றும் சோப் என்ற பழைய முறையில், குறிச்சொற்களால் ஆன எக்ஸ்எம்எல் உரையை வாங்கி எக்ஸ்எம்எல் தருகிறது. இப்படிப்பட்ட மூன்றையும் ஒரு நவீன உலாவித் திரையோடு எப்படி இணைப்பது என்பதை, வேலை நடக்கும் வரிசையிலேயே இங்கே விளக்குகிறேன்.

உலாவியே மூன்று சேவைகளையும் நேரடியாக அழைக்கும்படி எழுதிவிடலாம் என்று தொடக்கத்தில் தோன்றும். அது நடக்காது, நடக்கிற இடத்திலும் கூடாது. ஜிஆர்பிசி தன் அழைப்பின் முடிவு நிலையை எச்டிடிபி/2 ட்ரெய்லர்களில், அதாவது பதிலின் முடிவில் வரும் தலைப்புகளில் (ஹெடர்), அனுப்புகிறது. உலாவியில் கோரிக்கை அனுப்பும் ஃபெட்ச் வசதி அவற்றை ஜாவாஸ்கிரிப்டுக்குக் காட்டுவதில்லை. ஆகையால் ஜிஆர்பிசி-வெப் என்ற மாற்று வடிவத்தைப் பயன்படுத்தினாலும், அதைப் புரிந்துகொள்ளும் ஒன்று சர்வர் பக்கத்தில் இருந்தாக வேண்டும். சோப் கோரிக்கையை உலாவியில் கட்ட முடியும் என்பது உண்மைதான். ஆனால் கணக்குச் சேவையின் புலங்கள், உள் குறியீடுகள் எல்லாம் எஃப்12 விசையை அழுத்தி உலாவியின் டெவலப்பர் கருவிகளைத் திறக்கத் தெரிந்த எவர் கண்ணிலும் படும். உள்சேவைகளில் பல, உள் நெட்வொர்க்கிலிருந்து வரும் அழைப்பு நம்பத்தக்கது என்ற அனுமானத்தில் எழுதப்பட்டவை. அந்த அனுமானம் உலாவியிடம் செல்லாது.

எனவே இரண்டுக்கும் நடுவே ஓர் அடுக்கு வேண்டும். பேக்எண்ட் ஃபார் ஃபிரண்ட்எண்ட், சுருக்கமாக பிஎஃப்எஃப் என்று வழங்குவது இதைத்தான். சவுண்ட்கிளவுட் நிறுவனத்தின் பொறியாளர்கள் கையாண்ட இந்த அமைப்பு 2015 வாக்கில் பரவலாக அறியப்பட்டது. உலாவி இந்த அடுக்கோடு மட்டும் பேசும். இந்த அடுக்கு உள்சேவைகளோடு பேசும். இதைத் திரையை எழுதும் குழுவே வைத்திருப்பது நல்லது. திரையில் ஒரு புலத்தைக் கூட்டுவதற்கு வேறொரு குழுவின் அடுத்த ஸ்பிரிண்ட் என்ற வேலைச் சுற்றுக்காகக் காத்திருக்க நேர்ந்தால், நடு அடுக்கு வைத்ததன் பயன் பாதி போய்விடும்.

அதைவிட முக்கியமானது, வணிக விதிகள் இந்த அடுக்குக்குள் புகக் கூடாது என்பது. பில் தொகைக்கும் ஆர்டர் தொகைக்கும் இடையே எத்தனை சதவீத வேறுபாட்டை ஏற்கலாம் என்ற விதி கணக்குச் சேவையில் இருக்க வேண்டிய ஒன்று. அவசரத்தில் ஒரு ‘இஃப்’ வரியாக அதை நடு அடுக்கில் எழுதிவிட்டால், நாளை மொபைல் செயலிக்காக இன்னொரு நடு அடுக்கு வரும்போது ஒரே பில் ஓரிடத்தில் பொருந்தும், இன்னோரிடத்தில் பொருந்தாது. சேர்ப்பது, பிரிப்பது, வடிவம் மாற்றுவது, அடையாளத்தைக் கடத்துவது ஆகிய நான்கோடு இந்த அடுக்கின் வேலை முடிய வேண்டும்.

திரையிலிருந்து தொடங்கும் ஒப்பந்தம்

முதல் வேலை நிரல் எழுதுவது அன்று; திரையும் நடு அடுக்கும் எந்தத் தரவை எந்த வடிவில் பரிமாறும் என்ற ஒப்பந்தமாக, திரைக்கு என்ன வேண்டும் என்று எழுதுவது. உள்சேவைகள் எதைத் தருகின்றன என்ற பட்டியலிலிருந்து தொடங்கினால், பர்சேஸ் ஆர்டர் சேவை தரும் நீண்ட ஜேசன் முழுவதும் அப்படியே உலாவிக்குப் போய்ச் சேரும். தேவையில்லாத வங்கிக் கணக்கு எண்ணும் அதோடு போகும். திரையில் தெரிவது வெண்டர் பெயர், பில் எண், பில் தேதி, தொகை, வரிவாரியான ஒப்பீடு, இந்தப் பயனர் ஒப்புதல் தர முடியுமா என்ற தகவல் என்றால், பதிலில் இருக்க வேண்டியவையும் இவ்வளவுதான். ஒரு திரைக்கு ஒரு கோரிக்கை போதும்படி அமைத்து, ஏபிஐகளை (நிரல்கள் ஒன்றையொன்று அழைக்கும் வாசல்களை) விவரிக்கும் ஓப்பன்ஏபிஐ வடிவில் எழுதி வைத்து, அதிலிருந்து டைப்ஸ்கிரிப்ட் மொழியின் தரவு வகைகளை உருவாக்கிக்கொண்டால், சேவைக் குழுக்கள் தயாராகும் முன்பே மாதிரிப் பதில்களை வைத்துத் திரையை எழுதி முடித்துவிடலாம்.

இந்த ஒப்பந்தத்தில் மூன்று வகைப் புலங்களுக்குத் தனிக் கவனம் தேவை. பிழைகள் கண்ணுக்குத் தெரியாமல் நுழையும் இடங்கள் இவைதான்.

ஒன்று, எண்கள். ஜாவாஸ்கிரிப்டின் சாதாரண எண் வகை 9007199254740991 வரைதான் முழு எண்களைப் பிசகாமல் வைத்திருக்கும். உள்சேவையில் பில்லின் அடையாள எண் 64 பிட் எண்ணாக இருந்து, அது 9007199254740993 என்று ஜேசனில் வந்தால், உலாவி அதைப் படிக்கும்போது 9007199254740992 ஆகிவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. பயனர் ஒரு பில்லைத் திறந்து வேறொரு பில்லுக்கு ஒப்புதல் கொடுத்துவிடக்கூடும். ஜிஆர்பிசி வழக்கமாகப் பயன்படுத்தும் புரோட்டோபஃப் வகுத்துள்ள ஜேசன் வடிவம் 64 பிட் எண்களைச் சரமாகவே, அதாவது எழுத்துத் தொடராகவே, எழுதுவது இந்தக் காரணத்தால்தான். நாமும் எல்லா அடையாள எண்களையும் சரமாகவே அனுப்ப வேண்டும். பணத்துக்கும் இதே கவனம் வேண்டும்: 0.1 உடன் 0.2 ஐக் கூட்டினால் 0.30000000000000004 என்று காட்டும் எண் வகையில் ரூபாயை வைக்கக் கூடாது. தொகையைப் பைசாவில் முழு எண்ணாகவோ, ‘118000.50’ என்பது போன்ற சரமாகவோ அனுப்பி, கூட்டல் கழித்தலைச் சேவைக்கே விட்டுவிட வேண்டும். திரையின் வேலை அதைக் காட்டுவது மட்டுமே.

இரண்டு, தேதிகள். இந்தியாவில் எழுதப்படும் கணக்குத் திரைகளில் நான் திரும்பத் திரும்பக் காணும் பிழை இது. பயனர் 2025 ஏப்ரல் 1 என்று தேர்ந்தெடுக்கிறார். தேதிக் கருவி அதை இந்திய நேர நள்ளிரவாக எடுத்துக்கொள்கிறது. ஜாவாஸ்கிரிப்ட் அதை ஐஎஸ்ஓ வடிவத்துக்கு மாற்றும்போது யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில், அதாவது ஐந்தரை மணி நேரம் பின்னால், 2025 மார்ச் 31 மாலை 18:30 என்று எழுதுகிறது. கணக்குச் சேவை நேரப் பகுதியை வெட்டிவிட்டுத் தேதியை மட்டும் எடுத்துக்கொண்டால், அந்தப் பில் முந்தைய நிதியாண்டில் போய் விழுகிறது. ஆண்டின் மற்ற நாட்களில் ஒரு நாள் வித்தியாசமாக மட்டும் தெரியும் இந்தத் தவறு, அந்த ஒரு நாளில் ஆண்டுக் கணக்கையே குலைத்துவிடும். பில் தேதி என்பது நாட்காட்டித் தேதி. அதற்கு நேரமும் இல்லை, நேர மண்டலமும் இல்லை. ஒப்பந்தத்தில் அதை ஆண்டு-மாதம்-நாள் என்ற பத்து எழுத்துச் சரமாகவே வரையறுத்து, எந்த இடத்திலும் நேரப் பொருளாக மாற்றாமல் கடைசி வரை கொண்டுசெல்ல வேண்டும். ஒப்புதல் தரப்பட்ட கணம் போன்ற உண்மையான நேரங்களை மட்டும் யூடிசியில் வைத்து, காட்டும்போது உள்ளூர் நேரத்துக்கு மாற்ற வேண்டும்.

மூன்று, தமிழ்ப் பெயர்கள். எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் எடுத்துக்கொள்ளும். ‘தமிழ்ச்செல்வி’ என்ற பெயர் நம் கண்ணுக்கு ஏழு எழுத்து. யூனிகோடில் 13 குறியீடு. பைட் கணக்கில் 39. பழைய கணக்குச் சேவையின் பெயர்ப் புலம் 30 பைட் என்று வரையறுக்கப்பட்டிருந்தால், அந்தப் பெயர் பாதியில் வெட்டுப்படும் அல்லது முழுக் கோரிக்கையுமே நிராகரிக்கப்படும். திரையின் உள்ளீட்டுப் பெட்டியில் எழுத்து எண்ணிக்கையை வைத்து வரம்பு போடுவது இங்கே உதவாது. நடு அடுக்கு பைட் நீளத்தை அளந்து, மீறினால் எந்தப் புலம் என்று தெளிவாகச் சொல்லித் திருப்ப வேண்டும். எவருக்கும் தெரியாமல் தானே வெட்டிவிடக் கூடாது.

உள்நுழைவும் அடையாளமும்

திரையையும் நடு அடுக்கையும் ஒரே முகவரியின் கீழ் வையுங்கள். பக்கங்கள் ஒரு பாதையிலும், ஏபிஐ அழைப்புகள் இன்னொரு பாதையிலும் போகட்டும். இப்படிச் செய்தால் வேறு முகவரியிலிருந்து வரும் அழைப்புகளை அனுமதிக்கும் கோர்ஸ் அமைப்புகளைப் பற்றிக் கவலைப்படவே தேவையில்லை. கோர்ஸ் ஒரு பாதுகாப்புச் சுவர் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது உலாவி ஏற்கெனவே போட்டிருக்கும் கட்டுப்பாட்டைத் தளர்த்தும் ஏற்பாடு. உலாவி அல்லாத ஒரு நிரலை அது தடுக்காது. நம் கணினியில் எழுதிப் பார்க்கும்போதும் டெவலப்மெண்ட் சர்வரின் பிராக்ஸி (கோரிக்கைகளை இடையில் நின்று கடத்தும்) வசதியைக் கொண்டு அதே ஒற்றை முகவரி அமைப்பை வைத்துக்கொண்டால், பயனர்கள் உண்மையில் பயன்படுத்தும் உற்பத்திச் சூழலில் புதிய வியப்புகள் வராது.

பயனருக்கு அனுமதி உண்டு என்று காட்டும் அணுகல் டோக்கனை உலாவியின் லோக்கல் ஸ்டோரேஜ் சேமிப்பிடத்தில் வைக்கும் வழக்கத்தைக் கைவிட வேண்டும். பக்கத்தில் ஓடும் எந்த ஜாவாஸ்கிரிப்டும், நாம் நிறுவிய ஏதோ ஒரு நூலகத்தின் உள்ளே ஒளிந்திருக்கும் நிரல் உட்பட, அதைப் படித்துவிட முடியும். நடு அடுக்கு இருப்பதால் நமக்கு நல்ல மாற்று வழி இருக்கிறது. உள்நுழைவை நடு அடுக்கே நடத்தட்டும்: அனுமதி வழங்கும் ஓஆத் அமைப்பில், முதலில் ஒரு தற்காலிகக் குறியீட்டை வாங்கி அதைக் கொடுத்து டோக்கன் பெறும் ஆதரைசேஷன் கோடு முறையை, 2015-இல் வெளியான பிக்ஸி என்ற கூடுதல் காப்போடு பயன்படுத்தி, கிடைக்கும் டோக்கன்களைச் சர்வர் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளட்டும். டோக்கனை நேராக உலாவிக்கே தரும் பழைய இம்ப்ளிசிட் முறை வேண்டாம். 2025 ஜனவரியில் வெளியான ஆர்எஃப்சி 9700 என்ற இணையத் தரநிலை ஆவணம் அதைத் தவிர்க்கச் சொல்கிறது. உலாவிக்குப் போவது, உள்நுழைந்தவரை அடையாளம் காட்டும் ஒரு செஷன் குக்கீ மட்டுமே. அந்தக் குக்கீயில் ஜாவாஸ்கிரிப்ட் தொட முடியாதபடி எச்டிடிபிஒன்லி, மறையாக்கப்பட்ட இணைப்பில் மட்டும் செல்லும்படி செக்யூர், வேறு தளங்களிலிருந்து தூண்டப்படும் எழுதும் கோரிக்கைகளில் செல்லாதபடி சேம்சைட் லாக்ஸ் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும்.

நிறுவனங்களுக்குள் ஒரு நுட்பமான இடர் உண்டு. விடுப்பு விண்ணப்பம், உணவகக் கூப்பன், கணக்கு என எல்லா உள் செயலிகளும் ஒரே டொமைனின் கிளைப் பெயர்களில் இருக்கும். உலாவியின் கணக்கில் அவையெல்லாம் ஒரே தளம். ஆகவே உணவகச் செயலியில் ஒரு ஓட்டை இருந்தால், அங்கிருந்து கணக்குத் திரைக்குப் போகும் கோரிக்கையிலும் குக்கீ சேர்ந்தே போகும். சேம்சைட் அதைத் தடுக்காது. இதற்காக, எழுதும் கோரிக்கைகள் எல்லாவற்றிலும் நாமே வகுத்த ஒரு தலைப்பு இருந்தால்தான் ஏற்பது என்று நடு அடுக்கில் வையுங்கள். அப்படிப்பட்ட தலைப்பை வேறு முகவரியிலிருந்து சேர்க்க முயன்றால் உலாவி முன்னனுமதி கேட்கும். நாம் கொடுக்காததால் கோரிக்கை அங்கேயே நின்றுவிடும்.

நடு அடுக்கு உள்சேவையை அழைக்கும்போது யாருடைய பெயரில் அழைக்கிறது என்பது அடுத்த கேள்வி. எல்லா அழைப்புகளும் ஒரே பொதுச் சேவைக் கணக்கின் பெயரில் போனால், கணக்குச் சேவையின் பதிவேட்டில் எல்லா ஒப்புதல்களும் ஒரே பெயரில் நிற்கும். தணிக்கையாளர் கேட்டால் பதில் இருக்காது. 2020-இல் ஆர்எஃப்சி 8693 ஆக வந்த டோக்கன் எக்ஸ்சேஞ்ச் முறையில், பயனரின் டோக்கனைக் கொடுத்து, அந்தந்தச் சேவைக்கு மட்டும் செல்லுபடியாகும் குறுகிய கால டோக்கனை வாங்கி அனுப்பலாம். சோப் சேவை டோக்கனே அறியாததென்றால், பயனரின் ஊழியர் எண்ணைத் தனிப் புலமாக அனுப்பி, அந்தச் சேவையின் வாசலை நடு அடுக்குக்கு மட்டும் திறந்து வைக்க வேண்டும்.

பொத்தானை மறைப்பது அனுமதிக் கட்டுப்பாடு ஆகாது. இந்தப் பயனர் இந்தக் குறிப்பிட்ட பில்லைத் தொடலாமா என்பதைச் சேவையே ஒவ்வொரு முறையும் சரிபார்க்க வேண்டும். மென்பொருள் பாதுகாப்புக்காக இயங்கும் ஓவாஸ்ப் அமைப்பு ஏபிஐ பாதுகாப்புக்கென்று வெளியிட்ட 2019, 2023 ஆகிய இரண்டு பட்டியல்களிலும் முதலிடத்தில் இருப்பது இந்தச் சரிபார்ப்பு இல்லாத குறைதான்.

படிக்கும் பக்கம்

திரையைத் திறக்கும்போது நடு அடுக்கு மூன்று சேவைகளையும் ஒரே நேரத்தில் அழைக்க வேண்டும். 300, 400, 900 மில்லி விநாடி எடுக்கும் மூன்று அழைப்புகளை ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தால் 1600. ஒரே நேரத்தில் செய்தால் ஏறத்தாழ 900. ஒவ்வோர் அழைப்புக்கும் கால வரம்பு வையுங்கள். அந்த வரம்பு வெளியே இருக்கும் பிராக்ஸியின் வரம்பைவிடக் குறைவாக இருக்க வேண்டும். என்ஜின்எக்ஸ் என்ற பிராக்ஸி மென்பொருள் தானாக வைத்திருக்கும் 60 விநாடியை நம்பிக்கொண்டிருந்தால், பயனர் பார்ப்பது நாம் எழுதிய செய்தியாக இருக்காது. பிராக்ஸியின் வெறும் 504 (நேரம் கடந்துவிட்டது) பக்கமாக இருக்கும்.

ஒரு சேவை விழுந்தால் முழுத் திரையும் விழ வேண்டியதில்லை. கிடங்குச் சேவை பதில் தராதபோது மற்றத் தகவல்களைக் காட்டி, ஜிஆர்என் பகுதியில் மட்டும் ‘சரக்கு வரவு விவரம் இப்போது கிடைக்கவில்லை’ என்று எழுதி, ஒப்புதல் பொத்தானை அணைத்து வைக்கலாம். அந்த இடத்தில் சுழியத்தையோ வெற்றிடத்தையோ காட்டுவது பெருந்தவறு. சரக்கே வரவில்லை என்று பயனர் நம்பிவிடுவார்.

எழுதும் பக்கம்

இணைப்பின் உண்மையான கடினம் இங்கேதான் இருக்கிறது. பயனர் பொத்தானை அழுத்துகிறார். நடு அடுக்கு கணக்குச் சேவையை அழைக்கிறது. கால வரம்பு கடந்தும் பதில் இல்லை. பதில் வரவில்லை என்பதும் வேலை நடக்கவில்லை என்பதும் ஒன்றல்ல. கணக்குச் சேவை பதிவை முடித்துவிட்டு, பதிலை அனுப்பும் வழியில் இணைப்பு அறுந்திருக்கலாம். இந்த நேரத்தில் ‘தோல்வி, மீண்டும் முயலுங்கள்’ என்று காட்டினால், அவர் மீண்டும் அழுத்துவார். ஒரே பில்லுக்கு இரண்டு முறை பணம் போக வழி பிறக்கும்.

இதைத் தடுக்க, பயனர் அந்தப் பில்லைத் திறக்கும்போதே உலாவி ஒரு தனித்த அடையாளச் சரத்தை உருவாக்கி வைத்துக்கொள்ள வேண்டும். பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும், இணைப்பு விட்டுவிட்டுத் தொடர்ந்தாலும் அதே சரம்தான் போக வேண்டும். ஒவ்வோர் அழுத்தலுக்கும் புதிதாக உருவாக்கினால் பயனில்லை. நடு அடுக்கு அந்தச் சரத்தை, இரண்டாவது முறை எழுத முடியாத தனித்துவக் கட்டுப்பாடுள்ள அட்டவணையில் முதலில் பதிந்துவிட்டு, அதன் பிறகே கணக்குச் சேவையை அழைக்க வேண்டும். அதே சரம் மீண்டும் வந்தால் புதிதாக அழைக்காமல் பழைய அழைப்பின் நிலையைச் சொல்ல வேண்டும்.

பழைய சோப் சேவைக்கு இந்தச் சரம் புரியாது. அங்கே வெண்டர் குறியீடு, பில் எண், நிதியாண்டு ஆகிய மூன்றும் சேர்ந்த இயல்பான அடையாளத்தைப் பயன்படுத்தலாம். சந்தேகம் வரும்போது மீண்டும் பதியச் சொல்லாமல், இந்த மூன்றையும் கொடுத்து ‘இது ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா’ என்று கேட்கும் அழைப்பைச் செய்து, இல்லை என்று உறுதியான பிறகே மறுமுறை அனுப்ப வேண்டும். அதுவரை உலாவிக்கு 202 (கோரிக்கை ஏற்கப்பட்டது, இன்னும் முடியவில்லை) என்ற நிலையும், நிலவரம் கேட்க ஒரு முகவரியும் தந்து, திரையில் ‘ஒப்புதல் அனுப்பப்பட்டது, உறுதிப்பாட்டுக்குக் காத்திருக்கிறது’ என்று காட்ட வேண்டும். வெற்றி, தோல்வி என்ற இரண்டு நிலைகளோடு வரையப்பட்ட திரையில் இந்த மூன்றாவது நிலைக்கு இடம் இருக்காது. ஆகவே வடிவமைப்பாளரிடம் இதைத் தொடக்கத்திலேயே சொல்லி இடம் வாங்கிக்கொள்ள வேண்டும்.

இருவர் ஒரே பில்லைத் திறந்து வைத்திருப்பதும் அன்றாடம் நடப்பதே. பில்லைப் படிக்கும்போது ஈடேக் தலைப்பில் பதிப்பு எண் ஒன்றைக் கொடுத்து, எழுதும்போது இஃப்-மேட்ச் தலைப்பில் அதைத் திரும்பக் கேளுங்கள். நடுவில் யாரோ தொகையைத் திருத்தியிருந்தால் 412 (நிபந்தனை பொருந்தவில்லை) என்ற நிலை வரும். என்ன மாறியது என்று காட்டி மறுபடி பார்க்கச் சொல்லலாம்.

பிழைகளை மொழிமாற்றுவது

சோப் 1.1 சேவைகள் எல்லாப் பிழைகளையும் 500 (சர்வர் பிழை) என்ற நிலையோடுதான் அனுப்பும். பில் எண் தவறு என்பதும் தரவுத்தளம் விழுந்தது என்பதும் அந்த எண்ணில் ஒன்றே. உள்ளே இருக்கும் பிழைக் குறியீட்டைப் படித்து, பயனர் திருத்தக்கூடியதா, காத்திருந்தால் சரியாகுமா, நமக்குத் தெரிவிக்க வேண்டியதா என்று பிரிப்பது நடு அடுக்கின் கடமை. வெளியே அனுப்பும் வடிவத்துக்கு ஆர்எஃப்சி 9457 வகுத்த பிராப்ளம் டீடெய்ல்ஸ் அமைப்பே போதும். புதிதாக ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டாம். சேவையின் உள் பிழைச் செய்தியையோ நிரலின் எந்த வரியில் பிழை என்று காட்டும் ஸ்டாக் ட்ரேஸையோ அப்படியே உலாவிக்குக் கடத்தவே கூடாது.

ஒவ்வொரு கோரிக்கைக்கும் இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி வகுத்த, கோரிக்கையின் தட எண்ணைச் சுமக்கும் ட்ரேஸ்பேரண்ட் தலைப்பை நடு அடுக்கு உருவாக்கி மூன்று சேவைகளுக்கும் அனுப்பட்டும்; பிழைத் திரையில் அந்தத் தட எண்ணின் கடைசிச் சில எழுத்துகளைக் காட்டட்டும். கணக்குப் பிரிவிலிருந்து ஒருவர் தொலைபேசியில் அந்த எழுத்துகளைப் படித்துக் காட்டினால், மூன்று சேவைகளின் லாகுகளிலும் (பதிவேடுகளிலும்) ஒரே தேடலில் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். சோப் சேவை அந்தத் தலைப்பைப் பதிவு செய்யாது என்றால், அதற்குப் போன கோரிக்கையின் நேரத்தையும் பில் எண்ணையும் நடு அடுக்கிலேயே பதிந்து வையுங்கள்.

உடனுக்குடன் வரும் மாற்றங்கள்

ஒப்புதல் நிலை மாறியதும் திரை தானே மாற வேண்டுமென்றால், இருதிசையிலும் பேசும் வெப்சாக்கெட் வரை போகத் தேவையில்லை. செய்தி சர்வரிலிருந்து உலாவிக்கு ஒரு திசையில் மட்டுமே வருகிறது. சர்வர் திறந்த இணைப்பில் செய்திகளை அனுப்பும் சர்வர்-சென்ட் ஈவென்ட்ஸ் போதும். இணைப்பு அறுந்தால் உலாவியே மீண்டும் இணைத்துக்கொள்ளும். ஆனால் இரண்டைச் சரிபார்க்க வேண்டும். எச்டிடிபி/1.1 இணைப்பில் உலாவிகள் ஒரு முகவரிக்கு ஆறு இணைப்புகளே தரும். கணக்குப் பிரிவினர் ஏழெட்டு பில்களை ஏழெட்டு டேப்களில் திறப்பவர்கள். ஏழாவது டேப் எதுவும் காட்டாமல் சுற்றிக்கொண்டே நிற்கும். எச்டிடிபி/2-ஐ இயக்கினால் இது தீரும். அடுத்தது, நடுவில் உள்ள என்ஜின்எக்ஸ் பதிலைச் சேர்த்து வைத்து அனுப்பும் பழக்கமுடையது. அந்தப் பாதைக்கு மட்டும் பஃபரிங்கை அணைக்க வேண்டும்.

வெளியிடும் வரிசை

பக்கம் ஒரு முறை திறக்கப்பட்ட பின், பயனர் அதை மூடும் வரை பழைய ஜாவாஸ்கிரிப்டே ஓடிக்கொண்டிருக்கும். திங்கட்கிழமை திறந்த டேப்பை வெள்ளிக்கிழமை வரை வைத்திருப்பவர்கள் எல்லா அலுவலகங்களிலும் உண்டு. ஆகவே ஒப்பந்தத்தில் ஒரு புலத்தின் பெயரை மாற்ற வேண்டுமென்றால், முதலில் நடு அடுக்கு புதிய பெயர், பழைய பெயர் இரண்டையும் தரட்டும். பிறகு புதிய திரையை வெளியிடுங்கள். பழைய பெயரைக் கேட்கும் கோரிக்கைகள் நின்றுவிட்டன என்று லாகில் உறுதிசெய்த பிறகே அதை நீக்குங்கள். எந்தப் பதிப்புத் திரை கேட்கிறது என்பது தெரிய, ஒவ்வொரு கோரிக்கையிலும் திரையின் பதிப்பு எண் ஒரு தலைப்பாக வரட்டும். அது மிகப் பழையதாக இருந்தால் ‘புதிய பதிப்பு வந்துள்ளது, பக்கத்தைப் புதுப்பிக்கவும்’ என்ற பட்டையைக் காட்டலாம். ஆனால் பயனர் ஒரு பில்லில் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கும்போது பக்கத்தைத் தானாகப் புதுப்பித்துவிடக் கூடாது. எழுதியது சேமிக்கப்படும் வரை அந்தப் பட்டை காத்திருக்க வேண்டும்.